தனது எது, பிறிது எது?



பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் பழுதுற்றன. அவருடைய தமையனார் தம் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தம்பிக்கு அளித்தார். அறுவை நன்கு முடிந்தது. ஓராண்டுக் காலம் அவர் நலமாக வாழ்ந்தார். உடல் தேறியபின், நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகள் இனி எதற்கு என்று எண்ணி, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் அவற்றை நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரத்தில் கால்கள் வீங்கின, சிறுநீர் குறைந்தது. மருத்துவமனையில் சேர்த்து, ஊசி மருந்துகளால் அந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். ஆயினும் அதன் பழைய வலிமை முழுதும் திரும்பவில்லை.

நான் பார்க்கச் சென்றபோது அவருடைய தாயார் என்னிடம் ஒரு வினாக் கேட்டார்: "ஐயா, இரண்டு பிள்ளைகளையும் இந்த வயிற்றில்தானே சுமந்தேன்? அண்ணன் கொடுத்ததை, ஓராண்டு போன பிறகுமா தம்பியின் உடம்பு அயலார் பொருள் என்று தள்ளுகிறது?"

அன்று அந்த அம்மையாருக்கு நிறைவான விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தேன். அறிந்த மருத்துவர்களைக் கேட்டுத் தெளிந்தேன். இன்றைய பேச்சு அவருடைய வினாவுக்கு நான் கூறும் விடை என்று கொள்ளலாம்.

நம் தோட்டங்களில் ஒட்டுமாங்கன்று வைக்கிறோம். நாட்டு மாவின் தண்டில் நல்லினத்துக் கிளையை இணைத்துக் கட்டினால் இரண்டும் ஒன்றாகி விடுகின்றன, மரம் மறுப்பதில்லை. ஏனெனில், மரத்திற்கு நம்மைப் போல் உடலெங்கும் திரிந்து காவல் புரியும் வெள்ளணுப் படை கிடையாது. மாந்தர்க்கும் விலங்குகளுக்கும் உண்டு. குருதியிலும் நிணநீரிலும் இடைவிடாது உலவும் அப்படையே கிருமிகளைக் கண்டறிந்து அழிக்கிறது. ஒருமுறை தட்டம்மை கண்டவர்க்கு மறுமுறை அது வராமலிருப்பது அப்படைக்கு நினைவாற்றல் இருப்பதனால். ஒட்டுமரத்தில் எளிதாக இருப்பது மனிதவுடலில் அரிதாயிருப்பதற்குக் காரணமும் அப்படையே.

இவ்வுண்மை தெளிவான வரலாறு சுவையானது. 1940-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப்போர்க் காலம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பீட்டர் மெடாவர் என்னும் இளம் விலங்கியல் அறிஞர் வாழ்ந்த வீட்டுக்கு அருகில் ஒரு போர் விமானம் விழுந்து எரிந்தது. அதிலிருந்த வீரர் ஒருவரின் உடல் கடுமையாக வெந்துபோயிற்று. அவருடைய புண்களை மூடுவதற்குப் போதிய தோல் அவர் உடலிலேயே இல்லை. பிறர் தோலை எடுத்து வைக்கலாகாதா என்றால், வைத்த தோல் சில நாள் உயிரோடிருந்து பின் அழிந்துவிடும் என்பது மருத்துவர்கள் அறிந்ததே. ஏன் அழிகிறது என்பதுதான் தெரியாதிருந்தது. அந்தக் 'ஏன்' மெடாவரைப் பற்றிக்கொண்டது.

அவர் கிளாஸ்கோ நகர் சென்று தாமஸ் கிப்ஸன் என்ற அறுவை மருத்துவருடன் சேர்ந்தார். தீப்புண் பட்ட பெண் ஒருத்திக்கு அவள் தமையனின் தோலிலிருந்து சிறு சிறு துண்டுகள் எடுத்து ஒட்டினார்கள். அவை முதலில் நன்கு பற்றின; பின்னர் அழிந்தன. அதே தமையனின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது, அது முன்னதைக் காட்டிலும் மிக விரைவில் அழிந்தது. 1943-இல் இருவரும் இதனை வெளியிட்டார்கள். இரண்டாம் முறை விரைந்து அழிவானேன்? உடல் முதல் முறையே அத்தோலை அறிந்து நினைவில் வைத்துக்கொண்டது என்பதன்றி வேறு விளக்கம் இல்லை. அம்மைக் கிருமியை நினைவில் வைக்கும் அதே ஆற்றல் அண்ணன் தோலையும் நினைவில் வைத்தது. ஒட்டு அழிவது தோலின் குறையன்று, ஒட்டும் கையின் குறையுமன்று. உடலின் காவற்செயல் என்பது இங்ஙனம் புலப்பட்டது.

இனி, உடல் எதைக் கண்டு அயலென்று அறிகிறது? நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் தம் மேற்பரப்பில் சில புரதங்களைத் தாங்கி நிற்கின்றன. இவற்றுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். ழான் தோசே என்ற பிரெஞ்சு அறிஞர் 1958-இல் இவற்றுள் முதலாவதைக் கண்டறிந்தார். இவை ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. அறுவை மருத்துவர்க்கு இடையூறு செய்வதற்காகவா இயற்கை இவற்றை அமைத்தது? அன்று. ஓர் உயிரணுவினுள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காவற்படைக்கு வெளியே எடுத்துக் காட்டும் ஏந்துதட்டுகள் இவை. அணுவினுள் ஆக்கப்படும் புரதங்களின் சிறு துணுக்குகள் இத்தட்டில் வைத்துக் காட்டப்படுகின்றன. உள்ளே வைரஸ் புகுந்திருந்தால் அதன் துணுக்கும் தட்டில் வந்துவிடும். காவலணுக்கள் தட்டையும் அதன்மேலுள்ள துணுக்கையும் சேர்த்தே பார்க்கின்றன என்பதை ஆஸ்திரேலியாவில் டோஹர்ட்டி, ஸிங்கர்நாகல் என்னும் இருவர் 1974-இல் மெய்ப்பித்தார்கள். மாற்றுறுப்பு வந்து சேர்ந்தால் தட்டே வேறாக இருக்கிறது. காவலணுக்களுள் மிகப் பலவற்றுக்கு அது நோயுற்ற அணுவாகவே தோன்றுகிறது.

தாயாரின் வினாவுக்கு முதற்பகுதி விடை இங்கே கிடைக்கிறது. இப்புரதங்களை வகுக்கும் மரபுத் தொகுதிகள் தந்தையிடம் இரண்டு, தாயிடம் இரண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றும் பெறுகிறது. ஆகவே உடன்பிறந்தார் இருவர் இரண்டிலும் ஒத்திருப்பதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. ஒன்றில் மட்டும் ஒத்திருப்பதற்கு நான்கில் இரண்டு. ஒன்றிலும் ஒவ்வாதிருப்பதற்கு நான்கில் ஒன்று. ஒரே வயிற்றில் பிறந்தார் என்பது உண்மையே. ஆயினும் ஒரே சீட்டை எடுத்தார் என்பதில்லை. இரண்டிலும் முற்ற ஒத்த உடன்பிறந்தாரிடையிலும் வேறு சிறு வேறுபாடுகள் எஞ்சியே இருக்கும். ஒரே கரு பிளந்து இருவராகிய இரட்டையர் மட்டுமே இவற்றில் முழுதும் ஒத்தவர்.

அதனாலேதான் முதல் வெற்றி இரட்டையரிடையே நிகழ்ந்தது. 1954 டிசம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பீட்டர் பென்ட் பிரிகம் மருத்துவமனையில், ஜோசப் மரே என்ற அறுவை மருத்துவர் ஓர் இளைஞரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார். பொருத்துமுன் இருவர்க்கும் இடையே சிறு தோல் துண்டை மாற்றி ஒட்டிப் பார்த்தார், தோல் நிலைத்தது. சிறுநீரகமும் நிலைத்தது. பெற்றவர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் உலகில் எத்தனை பேருக்கு இரட்டையர் இருப்பர்?

'தனது, பிறிது' என்னும் இவ்வறிவு பிறவியிலேயே எழுதி வைத்ததா, கற்றுக்கொள்வதா என்று அடுத்து ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரே ஓவன் என்பவர் 1945-இல் இரட்டைக் கன்றுகளின் குருதியைச் சோதித்தார். உருவொத்த இரட்டையர் அல்லாத கன்றுகளிலும், ஒவ்வொன்றின் குருதியில் மற்றதன் அணுக்களும் கலந்திருக்கக் கண்டார். தாய்ப்பசுவின் வயிற்றில் இரண்டின் குருதிக்குழாய்களும் இணைந்திருந்தமையால் அவை கலந்தன. கன்று வளர்ந்த பின்னும் அவற்றை அயலென்று தள்ளவில்லை. இதனைக் கருத்திற்கொண்டு ஆஸ்திரேலிய அறிஞர் மக்ஃபார்லேன் பர்னெட், இளமைப் பருவத்தே உடல் எதைக் காண்கிறதோ அதைத் தனது என்று கற்கிறது என 1949-இல் எழுதினார்.

அதை மெய்ப்பித்தவர் முன்னர்க் கூறிய மெடாவரே. பில்லிங்ஹாம், பிரென்ட் என்னும் இருவருடன் சேர்ந்து, தாய் வயிற்றிலிருந்த பழுப்புச் சுண்டெலிக் கருக்களில் வெள்ளைச் சுண்டெலியின் அணுக்களைச் செலுத்தினார். அவை பிறந்து வளர்ந்தபின் வெள்ளைச் சுண்டெலியின் தோலை ஒட்டினார். பழுப்பு மேனியில் வெள்ளைத் திட்டு நிலைத்து நின்றது. 1953-இல் இது வெளியாயிற்று. பர்னெட்டுக்கும் மெடாவருக்கும் 1960-இல் நோபெல் பரிசு கிடைத்தது. பொறுமை என்பதை உடலும் கல்வியாற் பெறுகிறது என்பதே இதன் பொருள். ஆசிரியனாக வாழ்நாள் கழித்த எனக்கு இச்செய்தி தந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

கல்வி உண்டென்றால் பள்ளியும் உண்டன்றோ? மார்பெலும்பின் பின்னே தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாயிருந்து, வயது ஏற ஏறச் சுருங்குவது. பயனற்றதென்று நெடுங்காலம் கருதப்பட்ட இதன் தொழிலை, லண்டனில் ஷாக் மில்லர் என்பவர் 1961-இல் கண்டறிந்தார். எலும்பு மச்சையில் தோன்றும் ஒருவகை வெள்ளணுக்கள் இங்கு வந்து முதிர்கின்றன. இவற்றுக்கு டி அணுக்கள் என்று பெயர். இங்கே இரண்டு தேர்வுகள். தன்னுடலின் தட்டுகளைப் படிக்கவே தெரியாத அணு முதல் தேர்வில் வீழும். தன்னுடலின் பொருளையே பகையென்று வன்மையாகப் பற்றும் அணு இரண்டாம் தேர்வில் வீழும். வீழ்ந்தவற்றுள் மிகப் பல அங்கேயே மடிகின்றன. நுழைந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை வெளியேறுவதேயில்லை. இத்துணைக் கடுமையான தேர்வு வேறெங்கும் இராது.

தம்பியின் தைமஸில் அண்ணனின் தட்டுகள் பாடமாக வைக்கப்படவில்லை. ஆதலின் அவற்றைப் பகையாகக் காணும் அணுக்களும் தேர்ச்சி பெற்று வெளிவந்து உலவுகின்றன. சிறுநீரகம் பொருத்தப்பட்டதும் அதிலுள்ள சில அணுக்கள் நிணநீர்க் கணுக்களைச் சென்றடைகின்றன. அங்கு அவற்றைக் கண்ட டி அணுக்கள் பெருகிப் படையாகின்றன. சில நேரே சென்று உறுப்பின் அணுக்களைக் கொல்லும். சில மற்றொரு வகை வெள்ளணுக்களை ஏவி எதிர்ப்பொருள்களைச் சுரக்கச் செய்யும். அவ்வெதிர்ப்பொருள்கள் உறுப்பின் நுண்குழாய்களைத் தாக்கிக் குருதியோட்டத்தைத் தடுக்கும். முன்பே குருதி ஏற்றியதாலோ மகப்பேற்றாலோ ஒருவர் உடலில் எதிர்ப்பொருள் இருந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே உறுப்பு கெடும். அதனைத் தவிர்க்கவே, கொடுப்பவர் அணுக்களையும் பெறுபவர் குருதிநீரையும் கலந்து முன்னரே சோதிக்கிறார்கள். பெரும்பாலும் எதிர்ப்பு நாள்கள், மாதங்களில் எழும். ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் அரிப்பதும் உண்டு.

ஓராண்டு கழிந்த பிறகுமா என்ற வினாவுக்கு விடை இதுவே. அண்ணனின் சிறுநீரகம் தம்பியின் உடலில் எத்தனை ஆண்டு இருந்தாலும், அதன் அணுக்கள் அண்ணனின் தட்டுகளையே நாள்தோறும் ஏந்தி நிற்கும். தம்பியின் படையும் நாள்தோறும் அதைக் காணும். மாத்திரை அப்படையின் கையைப் பிடித்து நிறுத்தியிருந்ததே தவிர, அதன் நினைவை அழிக்கவில்லை. பிடியை விட்டதும் கை ஓங்கியது.

இதுகாறும் பிறிதைப் பகைத்தல் கண்டோம். தன்னையே பகைத்தலும் உண்டு. ஜெர்மானிய மேதை பால் எர்லிக், உடல் தன்னையே நஞ்சாக்கிக்கொள்ள அஞ்சும் என்று 1901-இல் எழுதினார். அதைக் கொண்டு, அப்படி ஒரு நோய் இருக்கவே முடியாது என்று மருத்துவவுலகம் அரை நூற்றாண்டு நம்பிக்கொண்டிருந்தது. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-இல் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியில் வெள்ளணுக்கள் குவிந்து அதைக் கெடுப்பதை விவரித்திருந்தார், காரணம் தெரியவில்லை. 1956-இல் லண்டனில் ராய்ட், டோனியாக் முதலியோர், அந்நோயாளிகளின் குருதியில் அவர்தம் தைராய்டுக்கே எதிரான பொருள்கள் இருப்பதைக் காட்டினார்கள். அவ்வாண்டே அமெரிக்காவில் ரோஸ், விட்டெப்ஸ்கி இருவரும் முயல்களில் அத்தகைய நோயையே உண்டாக்கிக் காட்டினார்கள்.

தைமஸின் தேர்வு கடுமையானது, ஆயின் பிழையற்றதன்று. தவறிய சில அணுக்கள் எல்லார் உடலிலும் உலவுகின்றன. அவற்றை அடக்குவதற்கென்றே மற்றொரு வகை டி அணுக்கள் உள்ளன என்று ஜப்பானிய அறிஞர் சக்காகுச்சி 1995-இல் காட்டினார். அவற்றை இயக்கும் மரபுக்கூறு ஒன்றைப் பிரன்கோ, ராம்ஸ்டெல் இருவரும் 2001-இல் வெளிப்படுத்தினர். இம்மூவருக்கும் 2025-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இந்த அடக்கம் தளர்ந்தாலோ, கிருமி ஒன்று நம் திசுவை ஒத்த உருவோடு வந்து படையை மயக்கினாலோ, தாக்குதல் தன்மேல் திரும்புகிறது.

பள்ளி நடத்தியவன் என்ற முறையில், மயக்கும் கிருமி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் சிறுவர்க்குத் தொண்டைப்புண் வருகிறது. அக்கிருமியின் மேலுள்ள புரதம் ஒன்று இதயத் திசுக்களின் புரதத்தை ஓரளவு ஒத்தது. கிருமிக்கென எழுந்த எதிர்ப்பு, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சில சிறுவரின் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கும். இதனை ருமாட்டிக் காய்ச்சல் என்பர். ஐந்து முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளையே இது மிகுதியாகப் பற்றுகிறது. மூட்டுவலி மாறிவிடும், வால்வின் பழுது மாறாது. தொண்டைப்புண்ணுக்கு மருத்துவர் சொன்னபடி பென்சிலின் மருந்தை முறையாக முடித்தால், பெரும்பாலும் இதைத் தடுத்துவிடலாம். ஒருமுறை வந்த பிள்ளைக்குப் பல ஆண்டுகள் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் இதனை மறத்தலாகாது.

உறுப்பை மறுப்பதும் தன்னைத் தாக்குவதும் தனித்தனி நெறிகள் என்பதை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சிறுவயதில் வரும் நீரிழிவில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடலின் படையே அழித்துவிடுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக மருத்துவர்கள், இந்நோயுற்ற சிலர்க்கு அவர்தம் ஒரே கருவிலான இரட்டையரின் கணையத்தில் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். இரட்டையராதலின் மறுப்பு எழாது. எதிர்ப்படக்கும் மருந்து வேண்டா என்று விட்டார்கள். எதிர்பார்த்தபடியே அயலென்னும் மறுப்பு எழவில்லை. ஆயினும் நீரிழிவு திரும்ப வந்தது! கணையத்தின் மற்றப் பகுதிகள் நலமாயிருக்க, இன்சுலின் அணுக்கள் மட்டும் தாக்குண்டன. பிறிதென்று அன்று, தனதென்று கண்டே படை தாக்கியது. பழைய பகையின் நினைவு ஆண்டுகள் கழிந்தும் மாறாதிருந்தது. 1984-இல் இதனை வெளியிட்டார்கள்.

நோய் இரண்டாயினும் மருந்துப் பெட்டி ஒன்றே. எலியன், ஹிட்சிங்ஸ் என்னும் இருவர் ஆக்கிய அஸதயோப்ரின் மருந்தின் துணையால், 1962-இல் பாஸ்டனில் இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் உறவல்லாத ஒருவரிடம் ஓராண்டுக்கு மேல் இயங்கியது. நம் நாட்டில் சிறுநீரக மாற்று முதன்முதல் வெற்றியுற்றது 1971-இல், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது. ழான் பொரேல் முதலியோர் 1976-இல் அதன் ஆற்றலை வெளியிட்டனர். 1980-களில் அது மருத்துவமனைகளுக்கு வந்தபின் மாற்றுச் சிகிச்சையே புது வாழ்வு பெற்றது. அஸதயோப்ரின், ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் ஆகிய இவற்றையே மூட்டுவாதம், லூபஸ் முதலிய தன்தாக்கு நோய்களுக்கும் வழங்குகிறார்கள். இரண்டிலும் அடக்கவேண்டிய படை ஒன்றே.

அடக்குவதற்கு விலையும் உண்டு. படை தளர்ந்தால் கிருமிகள் எளிதிற் புகும். சில வகைப் புற்றுநோய்களுக்கும் இடமுண்டு. மிகுந்தால் தொற்று, குறைந்தால் மறுப்பு. அளவைக் குருதிச் சோதனையால் அறிந்து மருத்துவர் மாற்றுகிறார். நாமாக மாற்றலாகாது. 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்று விற்கும் சூரணங்களையும் பானங்களையும் அன்போடு வாங்கித் தரும் சுற்றத்தார் எங்கும் உளர். படையைப் பெருக்குவதே நலம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். மாற்றுறுப்புப் பெற்றவரும் தன்தாக்கு நோயுற்றவரும் மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடுதல் கூடாது. அவர்கள் உடலுக்கு வேண்டுவது பெருக்கமன்று, அடக்கம்.

சில திங்களுக்கு முன் அந்த அம்மையாரைக் கண்டு, இவற்றை எளிய சொற்களில் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் தம்பியின் உடம்பு அண்ணனை வெறுக்கவில்லை, அதற்கு அவனைத் தெரியவில்லை. அவ்வளவுதானே, ஐயா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். இப்போது காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மகன் மாத்திரை விழுங்கும்வரை அவர் அருகிலேயே நிற்கிறாராம். உறுப்புப் பெற்றவர் இருக்கும் வீடுகள்தோறும் அப்படி ஒருவர் நிற்பாராக.